கிணற்றை அளந்தவர்கள் முடிவையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் நிலவியல் ஆய்வு மாணவர்கள் ஆற்றங்கரை ஊர்களுக்கு வரத் தொடங்குவார்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை கிணற்று நீரை எடுத்துப் போவது அவர்கள் வழக்கம். அவர்களிடமும், அவர்களுக்கு நெறியாளராக இருக்கும் பேராசிரியர்களிடமும் கிணற்றுக்காரன் ஒருவன் சொல்ல வேண்டியதை உங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாலாஜாபாத் அருகே பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஓர் உறைகிணறு இருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு மாணவி வந்தார். நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளந்தார். இறைத்த தண்ணீரால் பாட்டிலை இரண்டு முறை அலசிய பிறகே நிரப்பினார். இன்னொரு பாட்டிலில் சில சொட்டு அமிலம் விட்டு, நீரில் கரைந்திருக்கும் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இது என்று நான் கேட்காமலே விளக்கினார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் நான். அந்தக் கவனத்தைக் கண்டு மனம் நிறைந்தது. இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை வந்தார். கடைசியாக விடைபெறும்போது, "முடிவு வந்ததும் சொல்கிறேன் ஐயா" என்றார். அதன் பிறகு செய்தி எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணின் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைத்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டம் கைக்கு வந்த மறுநாளே வேலை தேடி ஓட வேண்டிய பிள்ளைகள் அவர்கள். கிணறு கொடுத்த ஊருக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல் என்று எந்த விதியும் அவர்களிடம் கேட்பதில்லை. என் குறை அப்படி ஒரு விதி இல்லாததன் மீதுதான்.

ஆய்வேட்டின் மின்பதிப்பைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. நாடு முழுவதும் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் இன்று யாரும் வாசிக்கலாம். நல்ல ஏற்பாடு. என் பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு அதில் தேடிப் பார்த்தேன். அறிவியல் ஏடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். கிணறுகளுக்குப் பெயர் கிடையாது, மாதிரி எண் மட்டும்தான். எங்கள் கிணறு எந்த ஏட்டில் எத்தனையாவது எண்ணாக இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரத்தம் எடுத்துக்கொண்டு போன பரிசோதனைக்கூடம் முடிவை நூலகத்தில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால் நோயாளி என்ன செய்வார்?

எங்களுக்குத் தெரிய வேண்டியது சிறிய செய்தியும் இல்லை. பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் வரும் ஆறு. மேலே தண்ணீர் ஓடாத ஆண்டிலும் மணலுக்கு அடியில் ஓடும். பருமணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். மழை நீர் அதில்தான் தங்கிக் கரையோரக் கிணறுகளுக்கு ஊறி வரும். ஆற்றுக்குள்ளேயே ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்கு நீரைக் கொண்டுவந்த ஊர்கள் எங்களுடையவை. மணலை அள்ள அள்ள ஆற்றின் படுகை தாழ்கிறது, படுகையைத் தொடர்ந்து கிணற்று நீரும் தாழ்கிறது. கால்வாயின் தலைமதகு மேலேயும் ஆறு கீழேயும் நின்றுவிட்டால் ஊற்று எப்படி ஏறி வரும்? ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு மணல் புதிதாக வந்து சேர்கிறது, எவ்வளவு எடுத்தால் கிணறு தாங்கும் என்று கணக்கிடுவது இந்த மாணவர்களின் படிப்பு. மணல் எடுக்க அனுமதி தருமுன் அந்த மறுசேர்ப்பை ஆராய வேண்டும் என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பஞ்சாயத்தும் பார்க்க வேண்டாமா?

எண்கள் மக்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே பாலாறு தொடர்பான வழக்கு ஒன்று சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. அதில் திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு மேற்கோளாக வருகிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. யாரோ ஒருவர் கிணறு கிணறாகப் போய் அளந்த எண்கள் நீதிபதிகளின் மேசைவரை போயின.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் ஆய்வு மாணவருக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மழைக்காலம். ஆறும் நிலமும் அந்தக் கால அளவில் தங்கள் குணத்தைக் காட்டிவிடுவதில்லை. மராட்டியத்தின் கொய்னா அணையில் 1962-இல் நீர் தேக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே சுற்றுப்புற ஊர்க்காரர்கள் நில அதிர்வுகளை உணர்ந்தார்கள். 1967 டிசம்பர் 11 அதிகாலையில் நிலநடுக்க அளவில் 6-ஐத் தாண்டிய பெரிய நடுக்கம் வந்து ஏறக்குறைய 200 பேரைக் கொன்றது. அணையில் நீர் ஏறி இறங்குவதோடு அதிர்வுகளுக்கு இருக்கும் உறவை அறிஞர்கள் நிலைநாட்ட முடிந்தது அங்கே பல பத்தாண்டுகள் விடாமல் அளந்ததால்தான். ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் நாங்கள். தொடர்ந்து அளக்க எங்களைவிடத் தோதான ஆள் யார்?

அந்த மாணவி அளந்ததைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். அவர் கடைசியாக வந்து போன மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, மோட்டார் போடுவதற்கு முன், நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். காய்ச்சலில் படுத்த இரண்டு மாதங்கள் என் மனைவி அளந்தார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது, என் நோட்டில் பன்னிரண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது கிணறு எவ்வளவு ஏறியது, ஏறிய நீர் எத்தனை மாதம் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்பது எளிய காரியம். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது, மாதிரி எடுத்த ஊர்களுக்காகத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது, நீர்மட்டம் எவ்வளவு மாறியது, இவை போதும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று, தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் மாணவர் வந்து வாசிக்கட்டும். தமிழில் நிலவியல் எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நில அறிவியலுக்கும் இடம் தரும் துறை இருக்கிறது.

தடைகளும் எனக்குத் தெரியும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது கிடைக்காதவர்கள் பஸ் செலவுக்கே கணக்குப் பார்த்துத்தான் களத்துக்கு வருகிறார்கள். ஊருக்குத் திரும்பி வரும் செலவைப் பல்கலைக்கழகம்தான் ஏற்க வேண்டும். மணல் பற்றி ஊர் நடுவில் பேச ஒரு தனி மாணவர் அஞ்சுவதும் நியாயமே. அதனால்தான் இது விதியாக வர வேண்டும் என்கிறேன். துறைத் தலைவர் கையெழுத்துடன் வரும் அறிக்கையை வாசிப்பவரை யாரும் தனியாகக் குறிவைக்க முடியாது.

என் பேத்தி இந்த ஆண்டு முதுநிலை நிலவியலில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் செய்யாற்றங்கரையில் கிணறுகளை அளக்கப் போகிறாள். மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் கிணற்றுக்காரரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கிணற்றை அளந்த மாணவி எங்கிருந்தாவது இந்தக் கடிதத்தை வாசித்தால், அவர் விட்டுப் போன இடத்திலிருந்து இந்த மாதம் வரையிலான அளவுகள் இரண்டு நோட்டுகளில் இருக்கின்றன. ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
வாலாஜாபாத் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.