ஓவன் இல்லாத பட்டறையில் 7018 ராடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிராக்டர் டிரெய்லர்களின் பராமரிப்பு பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இழுவைச் சட்டத்திலோ கொக்கித் தகட்டிலோ விரிசல் கண்டால் சாதாரண 6013 வகை ராடை (பூச்சுப் பூசிய வெல்டிங் கம்பி) வைத்து ஒப்பேற்றக் கூடாது, 7018 வகை ராடால்தான் வெல்டிங் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது நல்ல அறிவுரை. ஆனால் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. அதை நம்பி ஒரு விவசாயி கடையில் 7018 வாங்கிப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால், கூடுதல் விலை கொடுத்ததுதான் மிச்சமாகும். அந்த ராடைச் சுட்டு உலர்த்தும் ஓவன் பெரும்பாலான சிறு பட்டறைகளில் இல்லை.

துவாக்குடியில் பாய்லர் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் நான் வெல்டிங் ஆய்வாளர். ராடு ஓவனும் அதன் பதிவேடும் என் பொறுப்பில் இருக்கின்றன. காலையில் எந்த வெல்டருக்கு எத்தனை ராடு கொடுத்தோம், எத்தனை மணிக்கு ஓவனிலிருந்து எடுத்தோம், மீதி எத்தனை, எரிந்து மீந்த கட்டை எத்தனை திரும்பி வந்தன என்று எழுதி வைப்பவள் என்பதால், இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

7018 என்றால் "பலம் அதிகம்" என்பதே பட்டறைகளில் நிலவும் எண்ணம். முதலில் வரும் 70, வெல்டின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு என்பதைக் குறிக்கிறது. 6013-க்கு அது 60,000. சாதாரண மைல்டு ஸ்டீல் வேலைக்கு 60,000 போதும். 7018-க்கு மதிப்பு கடைசியில் இருக்கும் 8-ஆல் வருகிறது. சுண்ணாம்புக் கல்லும் ஃப்ளோர்ஸ்பாரும் இரும்புத் தூளும் கலந்த, ஹைட்ரஜன் மிகக் குறைவான பூச்சு என்பது அதன் பொருள். அந்தப் பூச்சில் ஈரம் ஏறிவிட்டால் 8-க்கு அர்த்தமே போய்விடுகிறது.

ராடின் நுனியில் எரியும் மின்பொறியின் (ஆர்க்) சூட்டில் ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் அணுக்களாகி உருகிய இரும்புக்குள் கரைகிறது. வெல்டு ஆறும்போது அது முழுவதும் வெளியேற முடியாமல் உள்ளே தங்கி, வெல்டை ஒட்டிச் சூடேறி இறுகிய பகுதிக்கு நகர்கிறது. தகடு கனமாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கி அந்தப் பகுதி கடினமாகிறது. சுருங்கும் வெல்டு அதை இழுக்கிறது. ஹைட்ரஜன், கடினம், இழுவிசை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் விரிசல் விழும். அதுவும் உடனே விழாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து விழும். அதனால்தான் உயர் வலிமை எஃகில் வெல்டு முடிந்து 48 மணி நேரம் போன பிறகே இறுதிச் சோதனை செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். வெளி ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆட்கள் 40 மி.மீ. தகட்டில் தூக்குக் காது (தூக்கும் கொக்கியை மாட்டும் துளைத் தகடு) ஒன்றை வெல்டு செய்தார்கள். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ராடு பாக்கெட் முந்தைய நாளே பிரிக்கப்பட்டுத் திறந்த ஷெட்டில் கிடந்தது. மாலையில் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம்) அடித்துப் பார்த்தபோது வெல்டு சுத்தமாக இருந்தது. மறுநாள் காலையில் திரும்ப அடிக்கச் சொன்னேன். வெல்டின் விளிம்போடு நூல் பிடித்ததுபோலச் சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. மாலைச் சோதனையோடு விட்டிருந்தால் அந்தக் காதில் கொக்கி மாட்டிப் பல டன் எடையைத் தூக்கியிருப்பார்கள், கீழே ஆட்கள் நின்றிருப்பார்கள். அந்த வெல்டர் திறமைசாலி. வெல்டின் வரிசை அழகாகவே இருந்தது. அவர் கையில் கொடுக்கப்பட்ட ராடில்தான் கோளாறு. அத்தனை கனத் தகட்டுக்கு, நன்றாக உலர்ந்த ராடாக இருந்தாலும் வெல்டுக்கு முன் தகட்டைக் குறைந்தது 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி முன்சூடு கொடுக்க வேண்டும். குறித்த சூட்டில் உருகும் தெர்மல் சாக்கால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கக்கூட யாரும் அங்கே இல்லை.

நமத்த அப்பளம் தொட்டதும் தெரிந்துவிடும். நமத்த ராடு கண்ணுக்கும் கைக்கும் புதியதுபோலவே இருக்கும். "அக்கா, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்துவிட்டேன், போதாதா?" என்று இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். போதாது. பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் சிலிகேட்டில் பிணைந்த ஈரம் வெயிலுக்கு அசைந்து கொடுக்காது. தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு அதையே ஓவன் என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு, அதுவும் உதவாது. எல்லாவற்றையும்விட மோசமானது, ராடை ஹோல்டரில் மாட்டி ஜாப்பில் (வெல்டு செய்யும் துண்டில்) ஒட்டவைத்துக் கம்பி சிவக்கும்வரை சூடாக்குவது. பூச்சு வெடித்துக் கழன்றுவிடும்.

கட்டட எஃகு வேலைகளுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான டி1.1, காற்றுப் புகாத பொதியில் வராத இந்த ராடுகளை 260 முதல் 430 டிகிரி வரையிலான சூட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் சுட வேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் பார்த்து அதன்படி செய்வது நல்லது. சுட்டதை 120 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த 7018-க்கு நான்கு மணி நேரம்தான் ஆயுள். பெயரின் முடிவில் ஆர் என்ற எழுத்து உள்ள ஈரம் தாங்கும் வகைக்கு ஒன்பது. நேரம் கடந்ததை ஒரே ஒரு முறை மீண்டும் சுடலாம், அதற்கு மேல் கூடாது. தண்ணீரில் நனைந்ததைச் சுடவும் வேண்டாம், எறிந்துவிட வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் போர்ட்டபிள் ஓவன்கள் பெரும்பாலும் சூடு காக்கத்தான் பயன்படும். சுடுவதற்கு மதர் ஓவன் எனப்படும் பெரிய ஓவன் வேண்டும். 6013 ராடையும் கூடவே உள்ளே தள்ளி 300 டிகிரியில் சுட்டுவிடாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும்.

6013 போல இழுத்து அடித்தால் 7018 கேட்காது. ஆர்க் நீளம், அதாவது ராடு நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, கம்பியின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. நீண்டால் வெளிக்காற்று புகுந்து வெல்டில் துளைகள் விழும். தொடங்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் பற்றவைத்துப் பின்னுக்கு வந்து, அந்தத் தொடக்கத்தின் மேலேயே ஓட்டிச் செல்ல வேண்டும். செங்குத்து வேலையில் கீழிருந்து மேலே போவதே முறை. டி.சி. மிஷினில் ஹோல்டரை பாசிட்டிவில் மாட்டுங்கள். சிறிய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர்களில் திறந்த சுற்று மின்னழுத்தம் (ஆர்க் பற்றாதபோது மிஷின் தரும் வோல்டேஜ்) 70 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இந்த ராடு அடிக்கடி அணைந்து வெல்டரின் பொறுமையைச் சோதிக்கும். பலர் 7018-ஐ வெறுப்பதற்கு இதுவே காரணம். இதன் புகையில் ஃப்ளோரைடு இருப்பதால் மூடிய இடத்தில் புகைபோக்கி விசிறி கட்டாயம் வேண்டும்.

ஜன்னல் கிரில்லுக்கும் மெல்லிய தகட்டுக்கும் 7018 தேவையே இல்லை; அங்கே 6013 தாராளமாகப் போதும். கனத் தகடு, தூக்குக் காது, டிரெய்லர் கொக்கி, கார்பன் கூடிய ஷாஃப்ட் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு மட்டும் இதை வாங்குங்கள். ஆனால் அங்கே ஓவனோடு சேர்த்து வாங்குங்கள்.

பீஸ் ரேட்டில் வேலை செய்யும் வெல்டர் தன் பணத்தில் ஓவன் வாங்க மாட்டார். அவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. வேலை கொடுப்பவர்கள் ஓவன் செலவையும் முன்சூட்டுக்கான கேஸ் செலவையும் கொட்டேஷனில் தனி வரியாக எழுதக் கேட்டு, முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கடைக்காரர்கள் 7018 பாக்கெட்டைப் பிரித்துப் பத்து, இருபது என்று எண்ணிக் கொடுப்பதை நிறுத்தி, காற்றுப் புகாத சிறு பொதிகளை வாங்கி வைக்க வேண்டும். துவாக்குடி, அம்பத்தூர், ஓசூர் போன்ற தொழிற்பேட்டைகளில் சங்கங்கள் சேர்ந்து பொது மதர் ஓவன் ஒன்றை நிறுவுவது பெரிய காரியம் அல்ல. வெல்டர் பிரிவு நடத்தும் ஐ.டி.ஐ.களில் பயிற்சிக்கென்று ஓவன் வைத்திருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் சிறு கட்டணத்துக்குச் சுற்றுவட்டாரப் பட்டறைகளின் ராடையும் அதில் சுட்டுக் கொடுக்கலாம் என்று அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
வெல்டிங் ஆய்வாளர்,
துவாக்குடி, திருச்சி மாவட்டம்.