தரம் 9 பிள்ளைகளின் காலிப் பயணத்துக்குக் கைகொடுங்கள்

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல், 1409ஆம் ஆண்டு பொறித்தது, ஒரே பலகையில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது, ஆனால் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று போகும் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது அது மதகு மூடியாகக் கிடந்ததாம்! நம் பிள்ளைகளில் பலர் அதைக் கடந்து கண்டி மன்னரின் சிம்மாசனம் பார்க்க ஓடியவர்கள்தான்.

இந்தத் தவணையில் அந்தக் கல்லை வைத்தே எல்லாப் பாடத்தையும் ஒரு மாதம் படிப்பிக்க ஆசிரியர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். முதலில் நூதனசாலை, அப்புறம் காலிக் கோட்டை, அங்கிருந்து தெவிநுவர. தெனவரை நாயனார் கோயில் இருந்த ஊர் அதுதான், 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். தமிழ் டீச்சர் அந்தக் காலத்து எழுத்தைப் பிள்ளைகளோடு கூட்டி வாசிப்பார், கணித சேர் பொன் 1000, வெள்ளி 5000 என்ற அந்தக் காலத்து எடைக் கணக்கை இன்றைய கிராமுக்கு மாற்றச் சொல்வார், புவியியலில் பருவக்காற்று வருகிறது, ஏனென்றால் காற்றுத் திரும்பும்வரை பாய்க்கப்பல் துறைமுகத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். தெவிநுவரவில் ஊர்ப் பெரியவர்களிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டு எழுதிவர வேண்டும், அது இரண்டாம் மொழிப் பாடத்துக்கு. குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைகளால் அரபு எழுத்தில் இருக்கும் பாரசீகப் பகுதியை ஓரளவு கூட்டி வாசிக்க முடியும், அர்த்தம் தெரியாவிட்டாலும். வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் சிலரிடம் அன்றைக்கு முதல்முறையாக மற்றவர்கள் கேட்க வரப்போகிறார்கள், எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

கடற்கரையில் குளித்து பிரியாணி சாப்பிட்டுத் திரும்பும் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம், சண்டை பிடிக்காதீர்கள்.

இனி காசு. 70 பிள்ளைகள், இரண்டு பஸ், சாப்பாடு, தண்ணீர், அச்சிட்ட பயிற்சித்தாள் எல்லாம் சேர்த்து ரூ. 275,000. பிள்ளைக்கு ரூ. 1,500 வீதம் சேர்ந்தால் 105,000, மிச்சம் 170,000 தேவை. கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போனால் மலிவு, நாங்களும் அதைத்தான் முதலில் பேசினோம், ஆனால் காலை நெரிசலில் 70 பேரை ஏற்றி இறக்கி, பிறகு காலியிலிருந்து தெவிநுவரவுக்கு வேறு வாகனம் பிடிப்பது சரிவராது. அந்த 1,500ஐயே கட்ட முடியாத வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் பங்கை நன்கொடையிலிருந்து போடுவோம், யார் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவராது, காசு இல்லை என்பதற்காக யாரையும் விட்டுவிட்டுப் போகும் எண்ணம் இல்லை.

முந்நூறு, ஐந்நூறு என்றாலும் தாங்க. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் போடலாம், அலுவலகத்தில் நேரே கட்டினால் கையோடு பற்றுச்சீட்டு. பயணம் முடிந்ததும் செலவுக் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், மிஞ்சினால் நூலகத்துக்கு.

இன்னொன்று, பாரசீகம் வாசிக்கத் தெரிந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவர் காசு தர வேண்டாம், ஒரு பின்னேரம் வகுப்புக்கு வந்தால் போதும்.

தரம் 9 களப்பயணக் குழு