பஞ்சாங்கப் பகுதியில் கணித முறையையும் ஊரையும் குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளிவரும் பஞ்சாங்கப் பகுதியைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் நான். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், நல்ல நேரம் பார்க்கிறேனோ இல்லையோ, அங்கே அச்சாகும் சூரிய உதயத்தையும் பிறையையும் மாடியில் நின்று வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பகுதியில் தரப்படும் நேரங்கள் எந்தக் கணித முறையைச் சேர்ந்தவை, எந்த ஊருக்கு உரியவை என்பதை ஒரே ஒரு வரியில் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் தம் தந்தையாரின் திதியை எந்த நாளில் கொடுப்பது என்று கேட்டு என்னிடம் வந்தார். தேய்பிறை அஷ்டமி. அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அஷ்டமி முடியும் நேரம் ஒன்றாகவும், பத்திரிகையில் வெட்டி எடுத்து வந்திருந்த துண்டில் அதைவிட நான்கு மணி நேரத்துக்கு மேல் தள்ளியும் இருந்தது. பிற்பகலில் எந்தத் திதி நிற்கிறதோ அதையே சிராத்தத்துக்குக் கொள்வது வழக்கம் என்பதால், இந்த நான்கு மணி நேரம் ஒரு நாளையே மாற்றிவிடுகிறது. “சார், இதில் எது அச்சுப் பிழை?” என்று அவர் கேட்டார். இரண்டுமே அச்சுப் பிழை அல்ல. ஒன்று பழைய வாய்பாடுகளால் கணிக்கும் வாக்கியம், மற்றது வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம். அதை இரண்டு இடத்திலும் யாரும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

திதி என்பது சூரியனிடமிருந்து நிலவு பன்னிரண்டு பாகை விலகிச் செல்ல எடுத்துக்கொள்ளும் நேரம். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம். அதை முப்பதாகப் பகுத்தால் ஒரு திதி சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றே குறைவு. ஆனால் நிலவு சீரான வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது, விலகும்போது தயங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நம் முன்னோர் 248 நாள் கொண்ட ஒரு சுழற்சியாகக் கண்டு, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களில் பொதிந்து வைத்தார்கள். வாக்கியத்தின் எழுத்துகளை எண்ணாக்கினால் அந்த நாளுக்குரிய நிலவின் இடம் கிடைக்கும். முதல் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை (அறுபது கலை ஒரு பாகை). வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்தது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மனப்பாடத்திலிருந்தே நிலவைக் கணித்த ஒரு மரபை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ‘பாண விருத்தி, ரச க்ஷயம்’ என்று பஞ்சாங்கக்காரர்கள் சொல்வதுண்டு. பாணம் ஐந்து, ரசம் ஆறு. அதாவது ஒரு திதி அறுபது நாழிகைக்கு (ஒரு நாழிகை 24 நிமிடம்) மேல் ஐந்து நாழிகை வரை வளரலாம், ஆறு நாழிகை வரை குறையலாம். வானத்தில் உண்மையில் நடக்கும் திதியோ ஏறத்தாழ 50 நாழிகை முதல் 67 நாழிகை வரை மாறுகிறது. சூரியனின் ஈர்ப்பு நிலவின் பாதையைக் கலைப்பதால் வரும் திருத்தங்கள் பழைய கணிதத்தில் சேரவில்லை என்பதே காரணம். இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. பழைய கணிதம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மிக நெருங்கி வருகிறது; அரைநிலவு நாட்களாகிய அஷ்டமியை ஒட்டித்தான் வெகுவாகப் பிசகுகிறது. கிரகணங்கள் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழ்பவை என்பதையும், அன்றைய கணிதர்கள் தம் கணக்கைக் கிரகணத்தோடு உரசிப் பார்த்தே திருத்திக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணினால் இது விளங்கும். சீரான ஓட்டத்திலிருந்து நிலவு விலகும் அளவு அந்த நாட்களில் ஐந்து பாகைக்குள் அடங்கிவிடுகிறது; அரைநிலவில் அது ஏழரைப் பாகை வரை போகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாகை விலகும் நிலவுக்கு இரண்டரைப் பாகை என்பது ஐந்து மணி நேரம். எங்கள் தெருக்காரரின் அஷ்டமி சிக்கியது இந்த இடத்தில்தான்.

இந்த மரபின் வலிமைக்கும் எல்லைக்கும் எழுத்துச் சான்றே இருக்கிறது. சென்னை வானாய்வகத்தை ஒரு காலத்தில் பொறுப்பேற்று நடத்திய ஜான் வாரன், 1825-ஆம் ஆண்டு மே 31 இரவில் தொடங்கிய சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கொண்டு கணிக்கச் செய்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்த வாய்பாடுகளைச் சொல்லிக் கணித்து முடித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. தாளும் தொலைநோக்கியும் இல்லாமல் சோழியால் இவ்வளவு நெருங்க முடிந்தது என்று பெருமைப்படலாம். 52 நிமிடப் பிழையை இன்றும் வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த அவர், வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, மற்றவர்களும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அந்த விவாதம் முடியவில்லை. அதை முடித்து வைக்கும்படி நான் பத்திரிகையைக் கேட்கவும் இல்லை.

கிரகணச் செய்திகளில் சிக்கல் கணித முறையால் வருவதல்ல, ஊரால் வருவது. 2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தில் 9.57 மணி முதல் நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ 1.27 வரை நிலவு நாடு முழுவதும் தலைக்கு மேல் இருந்ததால், ஒரே நேரத்தை அச்சிட்டால் எல்லோருக்கும் போதுமாயிருந்தது. 2026 மார்ச் 3 கிரகணமோ அப்படிப்பட்டதல்ல. பிற்பகல் 3.20-க்குத் தொடங்கி, 4.34 முதல் 5.33 வரை முழுமையாக இருந்து, மாலை 6.47 அளவில் முடிந்தது. சென்னையில் அன்று நிலவு எழுவதே 6.20-ஐ ஒட்டித்தான், கோவையில் அதற்கும் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தி. ஆகவே முழு கிரகணத்தைத் தமிழ்நாட்டில் எவரும் பார்த்திருக்க முடியாது. ஓரம் மங்கிய நிலவு கீழ்வானத்தில் எழுவதைச் சென்னையில் அரை மணிக்குள்ளும், கோவையில் கால் மணி அளவுக்குமே காண முடிந்திருக்கும். நான் பார்த்த செய்திகளில் 3.20 மணிதான் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பி, பள்ளி விட்டதும் என் பேரன் நான்கரை மணிக்கு மாடிக்கு ஓடி, வெயிலில் நிலவைத் தேடிவிட்டு இறங்கி வந்தான். பழைய பஞ்சாங்கங்களில் இதற்கென்றே ‘கிரஸ்தோதயம்’ என்று ஒரு சொல் உண்டு. பிடிபட்ட நிலையிலேயே உதிப்பது என்று பொருள். ஸ்பரிசம், மத்யமம், மோட்சம் (தொடக்கம், நடு, முடிவு) என்று மூன்று நேரங்களை எழுதியவர்கள், நம் ஊர்த் தொடுவானத்துக்கு மேலே எது நடக்கும் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். சூரிய கிரகணத்தில் இது இன்னும் முக்கியம். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் ஏறத்தாழ மூன்று நிமிடம் வளையமாகத் தெரிந்த சூரியன், சென்னையில் கடித்த அப்பளம் போலத்தான் தெரிந்தது.

பிறை தேய்வதற்கே பூமியின் நிழல்தான் காரணம் என்று பட்டம் பெற்றவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையானால் மாதந்தோறும் கிரகணம்தான். நிலவின் பாதை ஐந்து பாகைக்குச் சற்றே கூடுதலாகச் சாய்ந்திருப்பதால்தான் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிவிடுகிறது.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன். என் மனத்தாங்கல் பெரிதாக இருப்பது இதில்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் ‘இன்று முதல் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது, பகல் நீளத் தொடங்குகிறது’ என்று எழுதப்படுகிறது. அதை வழக்கம் என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. வானவியல் என்று எழுதும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், மார்கழி முதல் வாரத்தில். தை முதல் நாளுக்குள் அது திரும்பி 24 நாட்கள் ஆகிவிடுகின்றன. ஆடி முதல் நாளில் தொடங்குவதாகச் சொல்லும் தட்சிணாயனத்துக்கும் இதே கதைதான். சூரியன் தெற்கே திரும்புவது ஜூன் 21 அளவில்.

ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பின்னர் பிரிந்ததற்குக் காரணம், நம் தமிழ் மாதங்கள் விண்மீன்களை அடையாளமாகக் கொண்டவை, பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைச் சார்ந்தவை என்பதே. அந்த அச்சு, வேகம் குறைந்த பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. வாக்கிய முறையில் ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 வினாடி, 15 தற்பரை. பருவங்கள் திரும்பி வரும் ஆண்டு 365 நாள், 14 நாழிகை, 32 வினாடி அளவே. (இது 24 நொடி கொண்ட பஞ்சாங்க வினாடி; கைக்கடிகார வினாடி அல்ல. அதில் அறுபதில் ஒரு பங்கு தற்பரை.) இடைவெளி ஏறத்தாழ ஒரு நாழிகை. ஆண்டுக்கு ஒரு நாழிகை என்றால் அறுபது ஆண்டுக்கு ஒரு நாள். பிரபவ தொடங்கி அட்சய வரை ஒரு சுற்று முடிந்தால், தை மாதம் பருவத்தை விட்டு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். திருக்கணிதத்தில் இது சற்றே மெதுவாக, எழுபத்தோரு ஆண்டுக்கு ஒரு நாளாக நடக்கிறது, ஆனால் நின்றுவிடவில்லை. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி நாளில். ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14-க்கோ 15-க்கோ வந்துவிட்டது.

அக்கினி நட்சத்திரத்தையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. கத்திரி என்பது சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிய பகுதியைக் கடக்கும் காலம்; வெயிலோ விண்மீனைக் கேட்டுக்கொண்டு காய்வதில்லை. மே மாதம் வெப்பமான மாதம் என்பதால் இன்று இரண்டும் பொருந்துகின்றன. பாடநூலில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படிக்கும் கும்பகோணத்து மாணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சிரிப்பதை நான் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்ததும், பொங்கலை மார்கழிக்கு மாற்றச் சொல்கிறானோ என்று எவரும் ஐயுற வேண்டாம். பொங்கல் அறுவடையின் விழா. நெல் களத்துக்கு வருவது அயனத்தைப் பார்த்து அல்ல. ஒருவர் வாழ்நாளில் ஒரு நாளுக்கு மேல் நகராத பிசகால் ஆடிப்பட்டம் தேடி விதைப்பவருக்கு ஒரு கேடும் இல்லை. மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, பருவத்தோடு ஒட்டிய தேசிய நாட்காட்டியை வகுத்துத் தந்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரசிதழின் தலைப்பிலும் வானொலியிலும் தவிர அதை யார் வீட்டிலும் நான் கண்டதில்லை. மக்கள் விரும்பாத நாட்காட்டியைத் திணிக்க முடியாது. எது வானம், எது வழக்கம் என்று எழுத்தில் பிரித்துச் சொல்வதற்கு மட்டும் குழு எதுவும் தேவையில்லை.

ஆகவே, திதி நேரத்துக்கு அருகில் ‘வாக்கியம்’ அல்லது ‘திருக்கணிதம்’ என்ற ஒரு சொல்லையும், உதயம், அஸ்தமனம், கிரகணம் ஆகியவற்றுக்கு அருகில் ஊர்ப் பெயரையும் சேர்க்க வேண்டுகிறேன். கிரகண நாளில் பதிப்பு வெளியாகும் ஒவ்வொரு நகரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் நேரத்தைத் தனியே தரலாம். மார்ச் 20 அல்லது 21, ஜூன் 21, செப்டம்பர் 22 அல்லது 23, டிசம்பர் 21 அல்லது 22 ஆகிய நாட்களில் சூரியனின் நிலையைப் பற்றி ஒரு வரி போதும்.

பள்ளிகளுக்கு ஒரு செய்முறையையும் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடலாம். கும்பகோணத்தில் ஒரு மீட்டர் கோலை நேராக நட்டு, டிசம்பர் 21 அன்று அந்த ஊரின் உச்சிவேளையான 12.10 மணிக்கு நிழலை அளந்தால் 68 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வரும். தை முதல் நாளில் உச்சிவேளை 12.21-க்கு, நிழல் 63 சென்டிமீட்டர். பின்னர் அது குறைந்துகொண்டே போய், சித்திரை பிறந்து நான்கைந்து நாளில் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். மற்ற ஊர்களுக்கு அளவும் நேரமும் சிறிது மாறும். அவற்றைக் கணித்துத் தர வேண்டுமானால் தெரிவியுங்கள். மாவட்டவாரியாக எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.