கழிப்பறை கட்டியாயிற்று, கழிவு எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாளன்று திறந்தவெளியில் மலம் கழிப்பவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. எழுத வேண்டியதுதான். ஆனால் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் தரும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பாதுகாப்பான கழிப்பிட வசதி இல்லாதவர்கள் 340 கோடிப் பேர். அதில் திறந்தவெளிக்குப் போகிறவர்கள் சுமார் 35 கோடிதான். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு கழிப்பறை இருக்கிறது. வெறும் குழியாக இருக்கலாம், டைல்ஸ் ஒட்டியதாகக்கூட இருக்கலாம். அங்கிருந்து போகும் கழிவுக்குத்தான் வழி இல்லை.

நான் திருவாரூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு கட்டுகிறவர்கள் செப்டிக் டேங்க் பற்றிக் கொத்தனாரிடம் சொல்வது ஒன்றுதான்: "பெருசா போடுங்க, ஆயுசுக்கும் அள்ளக் கூடாது." அடியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விட்டுவிடுவார்கள். தண்ணீர் கீழே இறங்கிவிடும், டேங்க் நிரம்பாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும். சில வீடுகளில் அடிபம்பு டேங்கை ஒட்டியே இருக்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு வீட்டுக்குப் போனால், இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்றுதான் முதலில் பார்ப்பேன்.

டேங்கின் அடியில் தேங்கும் கசடை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. வருடக்கணக்கில் விட்டு, அடைத்துக்கொண்டு நாறும்போதுதான் லாரிக்குப் போன் போகும். அதற்குள் கசடு இறுகி, குழாயால் உறிஞ்ச முடியாமல் ஆகியிருக்கும். அப்புறம் ஒரு ஆளை இறக்கச் சொல்வார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. இன்னும் விஷவாயு தாக்கிச் சாகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. உயிரைப் பணயம் வைத்து எடுத்த அந்தக் கசடும், இருட்டிய பிறகு வாய்க்காலில் கொட்டப்படுகிறது.

வாய்க்கால்தானே என்று இதை விட முடியாது. 2010-இல் ஹைட்டியில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு, ஆர்ட்டிபோனைட் ஆற்றில் போய்ச் சேரும் சிற்றாற்றில் கலந்தது. முகாமில் கழிப்பறைக்குக் குறைவில்லை, கழிவை அடக்கி வைக்கத்தான் தவறினார்கள். சுமார் நூறு ஆண்டுகளாகக் காலரா பதிவாகாத நாடு அது. அந்த ஆற்று நீர் வழியாகக் காலரா பரவி 8 லட்சம் பேர் நோயில் விழுந்தார்கள், சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2016-இல்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்புக் கேட்டார்.

வழி இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சியில் 2017-இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். கசடைப் படுகையில் பரப்பி உலர்த்துவதும், பிரியும் நீரைச் சுத்திகரிப்பதும்தான் அங்கே வேலை. ஒவ்வொரு கிராம ஊராட்சியையும் அருகிலுள்ள இப்படியொரு நிலையத்தோடு இணைக்க வேண்டும். டேங்குக்கு மூடி போடுவதற்கு முன் அதிகாரி இறங்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கசடு எடுக்கும் முறை வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் என்று இல்லாமல், தெருவாரியாகத் தேதி வைத்து நடக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் நவம்பரில் புதிதாகத் திறந்த கழிப்பறைகளின் படத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஒன்றியத்திலும் கழிவுநீர் லாரிகள் எங்கே கொட்டுகின்றன என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து, இடத்தின் பெயரோடு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
திருவாரூர் மாவட்டம்.