பாப்பாவுக்கு, கார் பார்க்கப் போகும் முன்

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை

அன்பு பாப்பா,

நீ அனுப்பிய படங்களையும் நீ வாங்க நினைக்கும் புரோட்டான் இ.மாஸ் 7 மின்காரின் விவரத்தாளையும் நிதானமாகப் பார்த்தேன். கார் லட்சணமாகத்தான் இருக்கிறது. கிரில் இல்லாத மழமழப்பான மூக்கு, பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடாக விளக்கு. ஆனால் நீ அனுப்பிய பத்துப் படத்தில் ஏழு முகத்தைப் பிடித்த படம். ஓட்டும்போது அந்த முகத்தைப் பார்க்கப்போவது எதிரே வரும் லாரிக்காரர். நீங்கள் ஐந்து பேரும் புழங்கப்போவது பின்சீட்டிலும் சாமான் வைக்கும் இடத்திலும். சனிக்கிழமை ஷோரூமுக்குப் போகும்போது ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொள். பிள்ளைகளையும் அவர்களுடைய கார் சீட்டையும் கூட்டிப் போ. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் அளவு. இந்தக் கார் 4,615 மில்லிமீட்டர் நீளம், 1,901 அகலம். இப்போது நீ ஓட்டும் மைவி கார் 3,895 நீளம், 1,735 அகலம். அதாவது 72 சென்டிமீட்டர் நீளம் கூடுகிறது, அகலத்தில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் கூடுகிறது. நம் வீட்டு கேட்டை அளந்தேன்: தூணுக்குத் தூண் 2.9 மீட்டர். கண்ணாடிகளோடு சேர்த்தால் காருக்கு ஏறக்குறைய 2.1 வேண்டும். நுழையும், ஆனால் மைவி மாதிரி ஒரே மூச்சில் வளைத்து விட முடியாது. பார்ச், அதாவது வாசலில் கார் நிறுத்தும் இடம், 5.3 மீட்டர் நீளம். பின்பக்கத்தைச் சுவரோரம் விட்டால் பூட், அதாவது பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் கதவு எழ இடம் இருக்காது. ஆகவே இங்கே வரும்போது முகத்தை உள்ளே விட்டு நிறுத்து. சார்ஜ் செருகும் வாய் எந்தப் பக்கம், எந்த மட்கார்டில் என்பதையும் பார்த்து வை. நம் பார்ச்சில் பிளக் இடது சுவரில் இருக்கிறது. கேபிள் காரைச் சுற்றிக்கொண்டு போனால் யாராவது தடுக்கி விழுவார்கள், பெரும்பாலும் அம்மா.

பின்சீட்டு. மின்காரில் பேட்டரி தரைக்கு அடியில் பாயாக விரித்திருக்கிறது. அதனால் தரை கொஞ்சம் உயரும், சீட்டு அந்த அளவுக்கு உயராது. உட்கார்ந்தால் முழங்கால் மேலே நிற்கும், தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது. பத்து நிமிடத்தில் இது தெரியாது, இங்கே வரும் நெடுஞ்சாலையில் தாப்பா ஊரைத் தாண்டும்போது தெரியும். மாப்பிள்ளை உயரம். அவரை முன்னே ஓட்டுகிற நிலைக்குச் சீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி, பிறகு அதே சீட்டுக்குப் பின்னால் உட்காரச் சொல். காலணியோடு பாதம் முன்சீட்டின் அடியில் நுழைகிறதா, தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே கையை நுழைக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். இரு அச்சுக்கும் இடையே 2,750 மில்லிமீட்டர், மைவியைவிட 25 சென்டிமீட்டர் கூடுதல். கால் நீட்ட இடம் நிச்சயம் இருக்கும். நான் கேட்பது கால் மடங்கும் விதத்தைப் பற்றி. நடுவில் மேடு இல்லாத தட்டைத் தரை மட்டும் உண்மையான வரம். நடுவில் உட்காருகிறவருக்கும் இரண்டு கால் இருக்கிறது என்பதை மின்கார்தான் ஒப்புக்கொள்கிறது.

பிள்ளைகள் சீட்டு 2020 முதல் மலேசியாவில் கட்டாயம், உனக்குத் தெரியும். இரண்டு ஓரத்திலும் இரண்டு சீட்டைப் பூட்டிவிட்டு, நடுவில் நீயே உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பார். பெல்ட் கொக்கி சீட்டின் அடியில் புதைந்துபோய் விரல் எட்டவில்லை என்றால், பாட்டி வரும் நாளில் ஒரு சீட்டைக் கழற்ற வேண்டிவரும்.

சாமான் இடம் 461 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். லிட்டர் கணக்கை நம்பி ஏமாறாதே. சின்னச் சின்னக் கட்டைகளை மூலை முடுக்கெல்லாம் அடுக்கி எண்ணுகிற கணக்கு அது. பாட்டியின் சக்கர நாற்காலி கட்டை இல்லை. மடித்தால் 90 சென்டிமீட்டர் உயரம், 80 நீளம், 28 தடிப்பு, எடை 17 கிலோ. நீ அளக்க வேண்டியது மூன்று: சீட்டின் முதுகிலிருந்து கதவுவரை தளத்தின் நீளம், இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே அகலம், தரையிலிருந்து சாமானைத் தூக்கி வைக்கிற விளிம்பின் உயரம். கடைசியானது முக்கியம். 17 கிலோவை இடுப்புக்கு மேலே தூக்கி, பிறகு உள்ளே இறக்குவது முதுகுக்குக் கேடு. தளத்தை உயர்த்தி விளிம்போடு சமமாக வைக்க முடிந்தால் நாற்காலியைத் தள்ளியே ஏற்றிவிடலாம்.

தளத்தைத் தூக்கும்போதே அடியில் ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று பார். மின்கார்களில் பெரும்பாலும் இருக்காது; பசை டப்பாவும் சின்ன ஏர் பம்ப்பும் வைத்திருப்பார்கள். நகரத்தில் இது ஒரு பொருட்டில்லை. இங்கே அப்படி இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு மண் ரோட்டில் போனால், ஓரமெல்லாம் வெட்டிப்போட்ட செம்பனை மட்டை. மட்டையின் அடியில் ரம்பப் பல் மாதிரி முள். காய்ந்த முள் டயரில் ஏறி, வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே தங்கும். காற்று சட்டென்று இறங்காது. நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நான்கு டயரில் ஒன்று மட்டும் வாரத்தில் காற்றழுத்தத்தில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கினால் முள் என்று வைத்துக்கொள். டயர் கடையில் ஓட்டையை மட்டும் ஒட்டிவிட்டு அனுப்பினால் திரும்பவும் இறங்கும். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி, உள்பக்கத்தைப் பழைய துணியால் தடவச் சொல். விரலுக்குத் தட்டுப்படாத நுனி துணியில் மாட்டும். பக்கச் சுவரில் கல் கிழித்தால் பசை, பேட்ச் எதுவும் உதவாது. பசைக்குக் காலாவதித் தேதி உண்டு, டப்பாவைத் திருப்பிப் பார்.

டயர் கடைக்காரரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஜாக்கை நடு வயிற்றில் வைக்கக் கூடாது. அங்கே இருப்பது பேட்டரிப் பெட்டி, நசுங்கினால் காரின் விலையில் பெரிய பங்கு போய்விடும். கதவுக்கு அடியில் குறி போட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும். கார் நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் விடாதே. மோட்டார் முன்சக்கரத்தோடு இணைந்திருக்கிறது, உருண்டால் அது மின்சாரம் உண்டாக்கிச் சூடேறும். காரை முழுதாக மேலே ஏற்றிப் போகும் தட்டு லாரி கேட்டு வாங்கு.

இப்போது நீ கேட்ட கேள்வி: சின்ன பேட்டரியா, பெரியதா. 49.52 கிலோவாட் மணி மின்சாரம் கொள்ளும் சின்னதை எடுத்தால் முழு சார்ஜில் 345 கிலோமீட்டர், 60.22 எடுத்தால் 410 என்கிறார்கள். அது சோதனைக்கூட ஓட்டம். ஐந்து பேர், ஏர்கான், நெடுஞ்சாலையில் 110 வேகம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி என்று வைத்துக் கணக்குப் போடு. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இங்கே சுமார் 230 கிலோமீட்டர். செலவு 41 கிலோவாட் மணி சொச்சம். நிறைய ஏற்றிக் கிளம்பினால் பெரிய பேட்டரியில் 31 விழுக்காடு மீதியோடு வந்து சேர்வாய், சின்னதில் 16. வழியில் மழை, ஈப்போவில் நெரிசல் என்றால் அந்த 16-ஐப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது நிம்மதி இல்லை. அறிமுகமானபோது இரண்டுக்கும் விலை வித்தியாசம் 14,000 வெள்ளி (ரிங்கிட்). மாதத்தில் இரண்டு முறை ஊருக்கு வருகிறவளுக்கு நான் பெரியதையே சொல்வேன். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் என்றால் சின்னது தாராளம்.

நெரிசலில் ஏர்கான் பேட்டரியைத் தின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதே. ஒரு மணி நேரம் நின்றாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிலோவாட் மணிதான். பேட்டரியைத் தின்பது வேகம். இவ்வளவு உயரமான கார் காற்றைக் கிழிக்க வேண்டும். 110-ஐ 95 ஆக்கினாலே வித்தியாசம் திரையில் தெரியும்.

திரும்பிப் போகும் கணக்குதான் இடிக்கும். இங்கே சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். இரவு பத்து மணி நேரத்தில், இழப்பு போக 20 கிலோவாட் மணி ஏறும். 31 விழுக்காட்டில் வந்த கார் விடிந்ததும் 64-ல் இருக்கும். உனக்கு வேண்டியது 69. ஆக, ஒரே இரவு தங்கினால் தாப்பாவில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டு இரவு என்றால் வேண்டாம். வேக சார்ஜர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் கார் அதிகபட்சம் 100 கிலோவாட்தான் வாங்கும், சின்ன பேட்டரி 80. பக்கத்தில் இன்னொரு கார் செருகினால் சக்தி பிரிந்துபோகலாம். தீபாவளிக்கு மறுநாள் வரிசையில் நிற்காமல் கிடைக்கும் என்று எண்ணாதே.

இந்த பேட்டரி இரும்பு பாஸ்பேட் வகை. 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்து என்று கைப்பேசிக்குச் சொல்கிற விதியை இதற்குக் கொண்டுவராதே. இதன் மின்னழுத்தம் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக நிற்கும், அதனால் மீதி எவ்வளவு என்று காருக்கே குழப்பம் வரும். வாரம் ஒரு முறை நூறுவரை ஏற்றினால்தான் கணக்கு சரியாகும்.

பார்ச் பிளக்கை இப்படியே பயன்படுத்த விடமாட்டேன். துணி தேய்க்கிற இஸ்திரி பத்து நிமிடம் இழுக்கும். கார் பத்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். பின்னால் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகி, பிளக்கின் கால் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகும். எக்ஸ்டென்ஷன் வயர் அறவே கூடாது, சுருட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம். வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர், தனி 20 ஆம்பியர் பிரேக்கர், புதுப் பிளக், மழை படாத மூடி. வியாழக்கிழமை லைசன்ஸ் வயர்மேன் வருகிறார். எர்த் கம்பியையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டிவிட்டு ஏற்ற மறுக்கும், ஆட்கள் காரைத்தான் குறை சொல்வார்கள். முதல் தடவை செருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்ப்போம். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட வேண்டும்.

உன் வீட்டில் காரை சார்ஜ் செய்ய 7 கிலோவாட் சுவர்ப்பெட்டி போடுவதானால் இடியையும் கணக்கில் வை. மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் தடுப்பானுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடு. நேர்மின்சாரக் கசிவு 6 மில்லி ஆம்பியரைக் கண்டுபிடிக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்றும் கேள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற, கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சாதாரண ஆர்சிசிபிக்கு அந்தக் கசிவு தெரியாது, அது வந்தால் ஆர்சிசிபி செயலிழந்து சும்மா உட்கார்ந்திருக்கும்.

பெரிய திரையைப் பற்றி ஒன்றுதான். சாயங்கால மழையில் கண்ணாடி புகைமூட்டமானால், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைத் தெளியவைக்க முடிகிறதா என்று நின்ற காரில் பழகிப் பார். கதவோடு கதவாகப் பதிந்த கைப்பிடி அழகுதான். சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் அதை எப்படித் திறப்பது, சாவித் துவாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லிவிட்டு வா.

பூட் விளிம்பு உயரத்தையும், காரோடு தரும் சார்ஜர் பெட்டியின் ஒட்டுத்தாளையும் படம் எடுத்து சனிக்கிழமையே அனுப்பு. அதில் 8, 10 என்று ஆம்பியரைக் குறைக்கிற பொத்தான் இருக்கிறதா என்று தெரியவேண்டும். அம்மா, சீட்டுத் துணி வெள்ளையா என்று கேட்கிறாள். வெள்ளை என்றால் வேண்டாமாம். செம்மண் ஊருக்கு வருகிற கார்.

அன்புடன்,
அப்பா