வாரம் இரண்டு பாடவேளை கேட்கிறேன்

வடசென்னைப் பள்ளிகளின் மதிப்புக்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் சேர்ந்து தங்கள் பகுதியின் வரலாற்றை எழுத வாரம் இரண்டு பாடவேளை கேட்டு இதை எழுதுகிறேன். அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணை போட உட்காரும் முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

போன ஜூன் மாதம் என் வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், வியாசர்பாடி, புளியந்தோப்பிலிருந்து வருகிறவர்கள் மறுபக்கம். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. இடம் மாற்றி உட்காரவைத்தேன். மணி அடித்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் நம் பகுதியின் வரலாற்றை வகுப்பே சேர்ந்து ஒரே நோட்டில் எழுதத் தொடங்கினோம். யாரும் தன் வீட்டுக் கதையை எழுதக் கூடாது என்பது விதி. மறுபக்கத்துப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த தாத்தாவிடம் ஆலைத் தொழிலாளியின் பேத்தி கேள்வி கேட்டாள். 1996இல் மூடப்பட்ட பின்னி துணி ஆலையில் வேலை பார்த்த பெரியவரிடம், மீனவர் வீட்டுப் பையன் மூன்று மாலைகள் உட்கார்ந்திருந்தான். எழுதியதை அந்த வீட்டிலேயே படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே நோட்டில் ஏற்றினோம். தாத்தா சொன்ன ஆண்டும் புத்தகத்தில் உள்ள ஆண்டும் ஒத்துப்போகாதபோது இரண்டையும் எழுதினோம்.

1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையமும், 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டுகளும் நோட்டில் உண்டு. அவற்றை வேகமாகக் கடந்தோம். வகுப்பு நின்றது அந்தப் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்தில்தான். 1918 ஏப்ரலில் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்கள் சாதியால் இரண்டுபட்டார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, குடிசைகள் எரிந்தன.

அதைப் படித்த அன்று வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன் எழுந்து, "ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் எப்படி சார் பிரிந்தார்கள்?" என்று கேட்டான். நான் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. மறுநாள் புளியந்தோப்புப் பிள்ளைகள் இருவர் காசிமேட்டுப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் இடம் மாற்றவில்லை.

இதற்குத்தான் வாரம் இரண்டு பாடவேளை கேட்கிறேன். கணக்குத் தேர்வானாலும் ஆண்டு விழா ஒத்திகையானாலும் முதலில் பறிபோவது சமூக அறிவியல் வேளைதான். இந்த இரண்டையாவது யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணும் பரிசும் வேண்டவே வேண்டாம். முதல் குழு, இரண்டாம் குழு என்று வந்துவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் பிரிந்துவிடுவார்கள். பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று, கையெழுத்து நன்றாக இருக்கும் இருவரிடம் முழு நோட்டையும் கொடுத்துப் படியெடுக்கவும் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனின் பக்கம் அவன் கையெழுத்திலேயே, அவன் பிழைகளோடு இருக்கட்டும்.

ஆலையில் வேலை பார்த்த அந்தப் பெரியவர், தன்னைப் பற்றிய பக்கத்தைப் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கு வருகிறார். அந்த மீனவர் வீட்டுப் பையன்தான் போய் அழைத்து வருகிறான். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்