கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். சனி ஞாயிறுகளில் மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் உங்களில் ஒருவன் நான். எங்கள் குழுவுக்கு ஸ்கோர் எழுதுகிறவன்.

சென்ற மாதம் எங்கள் குழுவில் பந்து வீசும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து, "அங்கிள், காலேஜிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்று செல்பேசியை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு. அவன் படித்தது முதல் வரியை மட்டும். நான் கீழே வரை வாசித்தேன். கட்டணம் கட்டும் யாரும் சேரக்கூடிய இரண்டு நாள் பயிற்சி முகாமுக்கான அழைப்பு அது. "முழுவதும் படித்துப் பார், தம்பி" என்று திருப்பிக் கொடுத்தேன். கட்டண வரிக்கு வந்ததும் அவன் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை மூன்று பிரிவுகளாக நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அதன் அணிகளில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்; முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். "ஸ்காலர்ஷிப் வந்துவிடும்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். முதல் பிரிவு அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக இருந்த வரம்பு 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம். அதை 27 பேர் வரை பங்கிட்டுக்கொண்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025இல் வந்த சமரசத்துக்குப் பின், அதை ஏற்ற கல்லூரிகள் அணியின் 34 பேருக்கும் கொடுக்கலாம். அவ்வளவு பணம் ஒதுக்குகிறார்களா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது.

முதல் பிரிவில் ஆடும் தகுதிக்கே நான்கு ஆண்டு ஆங்கிலம் உட்பட 16 முதன்மைப் பாடங்களும் அவற்றில் நான்குக்கு 2.3 என்ற மதிப்பெண் சராசரியும் (ஜிபிஏ) வேண்டும். பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பின் இறுதியில் விழித்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

பிள்ளைகளின் ஆசையைக் கிள்ளிப் போடச் சொல்லவில்லை. அந்த ஆசையை வைத்தே அவர்களை வாசிக்க வையுங்கள் என்று கேட்கிறேன். பிள்ளை விரும்பும் கல்லூரியின் இணையதளத்தில் அணிப் பட்டியல் இருக்கும். ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் வாசியுங்கள். யார் எத்தனை உயரம், எந்த ஊர், எத்தனையாவது ஆண்டு, இதற்கு முன் எந்தக் கல்லூரியில் ஆடினார், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கசங்கிய தாளோடு வந்தான். "அங்கிள், பதினேழு பிட்சர்கள் இருக்கிறார்கள். ஏழு பேர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள். என்னைவிடக் குட்டையானவர் ஒருவர்கூட இல்லை." வருத்தத்தோடு சொன்னான் என்றாலும் அவனே வாசித்துக் கண்டுபிடித்தது அது. பிறகு இரண்டு சிறிய கல்லூரிகளின் பெயரைச் சொல்லி, அங்கே பொறியியல் உண்டா என்று கேட்டான்.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா கிடக்கிறது. கூடாரத்துக்குள் எல்லாத் தலையும் செல்பேசியில் கவிழ்ந்திருக்கிறது. அதில் அரை மணியைப் புத்தகத்துக்குக் கொடுங்கள். என்ன புத்தகம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பழைய ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதையானாலும் சரி. நீங்களும் ஒன்றைக் கையில் எடுங்கள், அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். அடுத்த வாரப் போட்டிக்கு ஸ்கோர் புத்தகத்தோடு ஒரு துணிப்பை நிறையக் கதைப் புத்தகங்களும் கொண்டு வருகிறேன். மூன்றாம் பேஸ் பக்கம், நீலக் கூடாரம். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஸ்கோர் எழுதும் ஓர் அப்பா